மருந்துப் பெட்டியும் மழைநீர் வடிகாலும்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளியோடு ஒரு சிறிய மருத்துவமனையும் வீட்டுக்குள் நுழைகிறது. மாத்திரை அட்டைகள், இன்சுலின் ஊசிகள், கட்டுத்துணி, பஞ்சு, கிருமிநாசினி, படுக்கையில் இருப்போருக்கான டயப்பர்கள், சிறுநீர்ப் பைகள் என்று அலமாரி நிறைகிறது. இவற்றை எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்பதை மருத்துவரும் செவிலியரும் விளக்கியே அனுப்புகின்றனர். பயன்பட்டு முடிந்த பின்னர் இவை எங்கே போக வேண்டும் என்பது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. கேட்பவர்களும் குறைவு. கவலைகள் மிகுந்த நேரத்தில் குப்பையைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்?

ஆயினும் கேட்க வேண்டிய கேள்விதான் அது. வீட்டைவிட்டு வெளியேறும் எதுவும் மறைந்துவிடுவதில்லை. நம்மைப் போன்ற கடலோர நகரத்தில் அது பெரும்பாலும் நீரையே சென்று சேர்கிறது. அந்த நீரோ கிணறாகவும், லாரித் தண்ணீராகவும், மீனாகவும், கொசுவாகவும் நம்மிடமே திரும்பி வருகிறது. சிறுநீரகம் மாற்றப்பட்டவர், புற்றுநோய்க்கு மருந்து பெறுபவர், பச்சிளங் குழந்தை, முதியவர் ஆகியோரின் உடலைத்தான் அது முதலில் தாக்குகிறது.

இரண்டு குழாய்கள்

சென்னையில் ஒரு வீட்டிலிருந்து நீர் வெளியேற இரண்டு வழிகள் உண்டு. கழிப்பறை, குளியலறை, சமையலறைத் தொட்டி ஆகியவற்றின் நீர் புதைசாக்கடை வழியாகக் குடிநீர் வாரியத்தின் சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் செல்கிறது. கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி, சோழிங்கநல்லூர் ஆகிய இடங்களில் அந்நிலையங்கள் உள்ளன. தெருவோரத்தில் சிமெண்டு மூடியிட்டுச் செல்லும் மழைநீர் வடிகால் வேறு. அதற்கும் சுத்திகரிப்பு நிலையத்திற்கும் தொடர்பே இல்லை. அதில் விழுவது எதுவாயினும் கூவத்தையோ, அடையாற்றையோ, கொசஸ்தலையாற்றையோ, பக்கிங்காம் கால்வாயையோ நேராக அடைந்து கடலில் கலக்கிறது. வாசலைக் கழுவிய ஃபினாயில் நீர், வண்டி கழுவிய சோப்பு நீர், செடிகளுக்கு அளவு மீறி இட்ட உரம், பெருக்கித் தள்ளிய சருகு ஆகிய அனைத்திற்கும் இதுவே பாதை. இரண்டு குழாய்களும் ஒன்றே என்று எண்ணிக்கொண்டிருப்போர் மிகப் பலர். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு செய்தியை நினைவில் கொள்வதாயின் இதனையே கொள்ளலாம்.

புறநகர்களில் புதைசாக்கடை இன்னும் எட்டாத வீடுகளில் செப்டிக் டேங்க் இருக்கிறது. அதனுள் கழிவைச் சிதைத்துச் செரிப்பவை பாக்டீரியாக்கள். நோயாளி இருக்கும் வீடு தூய்மையாக இருக்க வேண்டும் என்னும் அக்கறையில் நாள்தோறும் வாளி வாளியாகக் கிருமிநாசினியை ஊற்றினால் அந்த பாக்டீரியாக்களும் மடிகின்றன. செரிக்காத கழிவு வெளியேறி அருகிலுள்ள கிணற்றின் ஊற்றுக்கே போகிறது. கிருமிநாசினியைப் புட்டியில் குறித்த அளவில் கரைத்து, தேவையான இடத்தில் துடைத்தாலே போதுமானது. மிகுதியாக ஊற்றுவதால் தூய்மை மிகுந்துவிடுவதில்லை. (பிளீச்சிங் பொடியையும் கழிப்பறை கழுவும் அமிலத்தையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். அதிலிருந்து எழும் குளோரின் வாயு, மூச்சிரைப்பு நோயாளி இருக்கும் வீட்டில் பேராபத்து.)

குப்பைத் தொட்டியில் இடுவதும் நீரிலிருந்து விலகிய வழியன்று. தென்சென்னையின் குப்பை பல்லாண்டுகளாகச் சென்று குவிந்த பெருங்குடிக் கிடங்கு, பள்ளிக்கரணைக் கழுவெளியின் மேலேயே எழுந்தது. ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை, பல ஏரிகளின் உபரி நீரோடு அக்கழுவெளியில் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குச் செல்கிறது. 2022-இல் பள்ளிக்கரணை பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றும் பணியும் தொடங்கப்பட்டது. ஆனால் எந்தக் குப்பைமேட்டின் மீதும் மழை பெய்யும். குப்பையில் கிடக்கும் மருந்து, பாதரசம், பூச்சிக்கொல்லி ஆகியவற்றைக் கரைத்துக்கொண்டு அந்த நீர் கீழே இறங்கும். ஆகவேதான் சில பொருள்களைப் பிற குப்பையோடு கலக்காமல் தனியே கொடுக்க வேண்டியிருக்கிறது.

உடலைக் கடந்து செல்லும் மருந்து

நாம் விழுங்கும் மருந்து முழுவதும் உடலிலேயே தங்கிவிடுவதில்லை. நீரிழிவுக்கு மிகப் பரவலாகத் தரப்படும் மெட்ஃபார்மின், உருமாறாமல் அப்படியே சிறுநீரில் வெளியேறும் மருந்து. 104 நாடுகளில் 258 ஆறுகளின் நீரை ஆராய்ந்து 2022-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்றில் மிகப் பரவலாகக் காணப்பட்ட பொருள்கள் மூன்று: வலிப்புக்குத் தரப்படும் கார்பமசெபின், மெட்ஃபார்மின், காஃபியில் உள்ள காஃபீன். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மலத்தையும் அழுக்கையும் பிரிப்பதற்காக அமைக்கப்பட்டவை. மருந்து மூலக்கூறுகளில் பல அவற்றினூடே தப்பிச் சென்றுவிடுகின்றன.

இதைப் படித்துவிட்டு எவரும் மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ எண்ணலாகாது. ஆற்றைக் காப்பதற்காக ஒருவர் தம் சர்க்கரையை ஏறவிட வேண்டியதில்லை. சிறுநீரில் வெளியேறுவது தவிர்க்க இயலாதது. தவிர்க்கக்கூடியது வேறொன்று: உடலுக்குள் செல்லாமலேயே கழிப்பறைக்கும் சமையலறைத் தொட்டிக்கும் செல்லும் மருந்து. காலாவதியான இருமல் மருந்து, பாதியில் நிறுத்தப்பட்ட மாத்திரை, குழந்தைக்குக் கரைத்துக் கொடுத்தது போக எஞ்சிய ஆன்டிபயாடிக் திரவம் ஆகியவை முழு வீரியத்தோடு நேராக நீரில் இறங்குகின்றன.

ஆன்டிபயாடிக்குகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சாக்கடையில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அங்கே சிறிதளவு ஆன்டிபயாடிக் தொடர்ந்து கலந்துகொண்டிருந்தால் அதைத் தாங்கிக்கொள்ளும் பாக்டீரியாக்களே பிழைத்துப் பெருகுகின்றன. அவை தம் எதிர்ப்புத்திறனை வேறு இன பாக்டீரியாக்களுக்கும் கடத்தவல்லவை. 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வு டெல்லியில் பொதுக் குழாய் நீரின் 50 மாதிரிகளையும், தெருவில் தேங்கியும் கசிந்தும் கிடந்த நீரின் 171 மாதிரிகளையும் சோதித்தது. மிக வலிமையான கார்பபெனெம் வகை மருந்துகளையும் செயலற்றதாக்கும் என்.டி.எம்.-1 என்னும் மரபணு, குழாய் நீரில் 2 மாதிரிகளிலும் தேங்கிய நீரில் 51 மாதிரிகளிலும் இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு எந்த மருந்தும் வேலை செய்யவில்லை என்று மருத்துவர் சொல்லும் வேளையில், அதன் வேர்களுள் ஒன்று இத்தகைய நீரிலும் இருக்கக்கூடும். இதில் வீட்டுக் கழிவின் பங்கு சிறியது. மருந்து ஆலைகள், கோழிப் பண்ணைகள், மருத்துவமனைகள் ஆகியவற்றின் பங்கு பெரியது என்பதும் உண்மையே. ஐதராபாத்தை அடுத்த பட்டான்சேருவில் மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில்கூட, சிகிச்சையின்போது நோயாளியின் இரத்தத்தில் இருப்பதைவிட அதிகச் செறிவில் சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை 2007-இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். பெரியவர்களின் பிழையைத் திருத்தச் சட்டமும் அரசும் வேண்டும். நம் அலமாரியைத் திருத்த நாமே போதும்.

ஒரு மருந்து தனக்கு வகுத்த இடத்தைவிட்டு வெளியேறினால் என்ன நேரும் என்பதற்குப் பிணந்தின்னிக் கழுகுகளே சான்று. மாடுகளுக்கு வலி நீக்கத் தரப்பட்ட டைக்ளோஃபெனாக், இறந்த மாட்டின் இறைச்சி வழியாகக் கழுகின் உடலில் புகுந்து அதன் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. இந்திய வானில் கூட்டங்கூட்டமாக வட்டமிட்ட இனங்கள் சில ஆண்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் அழிந்தன. 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. நீலகிரிச் சரிவின் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியவை இன்று கண்ணும் கருத்துமாகக் காக்கப்படுகின்றன. அதே டைக்ளோஃபெனாக்தான் நம் மூட்டுவலிக் களிம்பிலும் இருக்கிறது. தோலில் தடவும் களிம்பில் சிறு பங்கே உடலுக்குள் இறங்குகிறது. எஞ்சியது கை கழுவும் நீரோடும் குளியல் நீரோடும் செல்கிறது. களிம்பு தடவிய கையைக் கழுவுவதற்கு முன்னர் ஒரு காகிதத்தாலோ கந்தல் துணியாலோ துடைத்து, அதைக் குப்பையில் இடுவது எளிய பழக்கம். குளித்த பின்னர்க் களிம்பு தடவுவது, தடவிய பின்னர்க் குளிப்பதைவிட மேல். மூட்டுக்கும் அதுவே நல்லது.

அலமாரியைத் திறக்கும்போது

பதினாறாம் நாள் காரியங்கள் முடிந்த பின்னர் மகனோ மருமகளோ அந்த அலமாரியைத் திறப்பார்கள். உள்ளே மாதக் கணக்கில் சேர்ந்த மருந்துகள் இருக்கும். பார்க்கப் பொறுக்காமல் ஒரே மூச்சில் கழிப்பறையில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டவர்கள் உண்டு. அந்த மனநிலையை யாரும் குறை கூற இயலாது. வேறு சிலர், ‘யாருக்காவது பயன்படட்டும்’ என்று பையில் இட்டு எடுத்து வருவார்கள். எண்ணம் நல்லதே. எனினும் வெட்டிய அட்டைகளையும் திறந்த புட்டிகளையும் மற்றொரு நோயாளிக்குத் தர இயலாது. அவை எந்த வெப்பத்தில் இருந்தன என்பது எவருக்கும் தெரியாது. பிரிக்கப்படாத முழு அட்டைகளைப் பில்லோடு கொண்டு சென்றால் சில மருந்துக்கடைகள் திரும்பப் பெறும். முயன்று பார்க்கலாம்.

அண்டை மாநிலமான கேரளம், பயன்படாத மருந்துகளை வீடுகளிலிருந்து சேகரித்து முறையாக அழிக்கும் திட்டத்தை 2025-இல் கோழிக்கோட்டில் தொடங்கியது. இத்தகைய வசதி எல்லா ஊர்களிலும் வரும்வரை செய்யக்கூடியது இதுதான். மாத்திரைகளைப் பொடியாக்காமல் அட்டையிலிருந்து எடுத்து, பயன்படுத்திய தேயிலைத் தூளோடோ மண்ணோடோ கலந்து, கசியாத உறையில் இட்டு மூட வேண்டும். மருந்து நீர்மமாக இருந்தால் புட்டியிலேயே மண்ணைப் போட்டு இறுக மூடலாம். வெற்று அட்டையைக் குறுக்கே வெட்டிவிட வேண்டும்; இல்லையேல் குப்பையிலிருந்து எடுத்து விற்போர் கையில் சிக்கும். சீட்டிலுள்ள நோயாளியின் பெயரை அழித்துவிட வேண்டும். இந்த உறையை மக்கும் குப்பையிலும் மக்காத குப்பையிலும் சேர்க்காமல், ‘வீட்டு அபாயக் கழிவு’ என்று தனியே தூய்மைப் பணியாளரிடம் கொடுக்க வேண்டும். காலாவதியான மருந்து, ஊசி, பழைய பேட்டரி, குழல் விளக்கு, பூச்சிக்கொல்லிப் புட்டி ஆகியவற்றை இவ்வாறு தனியே வைக்க வேண்டும் என்பதை மத்திய அரசின் 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே வகுத்தன.

இரண்டு வகை மருந்துகளுக்கு இந்த முறை பொருந்தாது. முதலாவது, வீட்டில் உட்கொள்ளும் புற்றுநோய் மாத்திரைகளும், முடக்குவாதத்திற்கு வாரம் ஒருமுறை தரப்படும் மெத்தோட்ரெக்சேட்டும். இவை உயிரணுக்களையே தாக்குபவை. எஞ்சியதைக் கையுறை அணிந்து எடுத்து, மருந்து தந்த மருத்துவமனையிலேயே ஒப்படைப்பதுதான் முறை. இத்தகைய சிகிச்சை பெற்ற பின் முதல் 48 மணி நேரத்தில் கழிப்பறை மூடியைச் சாத்திவிட்டு நீரைத் திறந்துவிடுவதும் வீட்டில் உள்ளோருக்குப் பாதுகாப்பு.

இரண்டாவது, மார்ஃபின், ஃபென்டனில், டிராமடால் போன்ற கடும் வலி நிவாரணிகள். இவை குழந்தையின் கையில் அகப்பட்டால் ஒரே வேளையில் உயிரைப் பறிக்கும். உடலில் ஒட்டி எடுத்த ஃபென்டனில் ஒட்டுப் பட்டையிலும் கணிசமான மருந்து எஞ்சியிருக்கும். ஆகவே மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இத்தகைய 17 மருந்துகளை மட்டும், எஞ்சினால் உடனே கழிப்பறையில் விட்டுவிடுமாறு கூறியுள்ளது. நீரைப் பற்றியே பேசும் கட்டுரையில் இது முரணாகத் தோன்றலாம். ஒரு பக்கம் சிறிதளவு மாசு; மறுபக்கம் ஒரு குழந்தையின் உயிர். இதில் தயங்குவதற்கு ஒன்றுமில்லை. வலி நிவாரணப் பிரிவிலேயே திருப்பித் தர வாய்ப்பு இருப்பின் அதுவே இரண்டு பக்கமும் தீங்கில்லாத வழி; பிரிவின் செவிலியரிடம் கேட்டறியுங்கள்.

எல்லாவற்றிலும் மேலானது, தேவைக்கு மிஞ்சி வாங்காமல் இருப்பது. மருந்தளவு மாறிக்கொண்டிருக்கும் தொடக்க நாள்களில் மூன்று மாதத்திற்கு ஒருசேர வாங்க வேண்டாம். பத்து நாளுக்கு வாங்கினால் போதும். மருத்துவர் குறித்த நாள்வரை ஆன்டிபயாடிக்கை முறையாக உட்கொண்டால் எஞ்சுவதற்கு இடமில்லை. அடுத்த காய்ச்சலுக்கு ஆகும் என்று எடுத்து வைப்பது இரண்டு வகையில் தவறு.

ஊசி, டயப்பர், பாதரசம்

மருத்துவமனைக்குள் ஊசி ஒன்றை எறிவதற்குக்கூடத் தனி நிறப் பெட்டி உண்டு. மருத்துவக் கழிவு விதிகள் அவ்வளவு கடுமையானவை. அதே ஊசி வீட்டில் பயன்படும்போது பழைய செய்தித்தாளில் சுற்றித் தெருத்தொட்டிக்குப் போகிறது. வீட்டுப் பராமரிப்பில் உண்டாகும் இத்தகைய கழிவைத் தனிப் பையிலோ கலத்திலோ இட்டு உள்ளாட்சிப் பணியாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அவ்விதிகளே கூறுகின்றன. தடித்த பிளாஸ்டிக் புட்டி ஒன்று போதும். துணி துவைக்கும் திரவம் வந்த காலிப் புட்டி பொருத்தமானது. ஊசியை மீண்டும் மூடியிடாமல் நேராக அதில் போட்டு, முக்கால் அளவு நிறைந்ததும் இறுக மூடி ஒட்டி, மேலே ‘ஊசிகள்’ என்று பெரிதாக எழுதித் தனியே கொடுங்கள். குப்பையைக் கையால் பிரிக்கும் ஒருவரின் விரலில் அந்த ஊசி ஏறினால் மஞ்சள்காமாலை வைரசும் உடன் ஏறலாம். அவருக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது.

டயப்பரையும் ஈரத் துடைப்பான்களையும் கழிப்பறைக்குள் தள்ளுவது அடைப்புக்கு நேர்வழி. டயப்பரின் உள்ளே இருக்கும் நீருறிஞ்சிப் பொடி ஊறிப் பன்மடங்கு உப்பும். அடைத்த இடத்தில் கழிவுநீர் பொங்கி மழைநீர் வடிகாலுக்குள் வழியும். ஆற்றில் சாக்கடை சேரும் வழிகளுள் இதுவும் ஒன்று. ஆள்நுழை குழிக்குள் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆயினும் இறக்கப்படுகின்றனர், இறக்கின்றனர் என்பதை நாளிதழ் படிப்போர் அறிவர். திடக் கழிவை மட்டும் கழிப்பறையில் உதறிவிட்டு, டயப்பரைக் காகிதத்தில் சுருட்டி, அடையாளம் இட்டுத் தனியே கொடுங்கள். வயிற்றுறை டயாலிசிஸ் செய்வோர் வெளியேற்றிய நீரைக் கழிப்பறையில்தான் ஊற்ற வேண்டும். தோட்டத்திலோ தெருவோர வடிகாலிலோ ஊற்றலாகாது.

பழைய வீடுகளில் பாதரச வெப்பமானி இன்னும் இருக்கும். அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை பாதரசம் அதில் உண்டு. உடைந்தால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், துளிகள் சிதறும். சன்னலைத் திறந்து, குழந்தைகளை அப்புறப்படுத்தி, இரண்டு தடித்த அட்டைகளால் துளிகளைத் திரட்டிச் சிறு புட்டியில் இட்டு மூடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவிவிடுவதுதான் மிகப் பெரிய தீங்கு. ஆற்றுச் சேற்றை அடையும் பாதரசத்தை அங்குள்ள பாக்டீரியாக்கள் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது மீனில் சேர்ந்து, மீனை உண்ணும் கருவுற்ற தாயின் வழியே சிசுவின் மூளையை எட்டுகிறது.

சமையல் எண்ணெய் பற்றி ஒரு வரி: பொரித்து எஞ்சியதைத் தொட்டியில் ஊற்றினால் குழாயில் உறைந்து அடைக்கும், பழந்துணியிலோ காகிதத்திலோ ஊறவிட்டுக் குப்பையில் இடுங்கள். மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெயை இதய நோயாளி இருக்கும் வீட்டில் பயன்படுத்த வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

சருகும் பூசணிக்காயும்

இலை இயற்கைப் பொருள்தானே, வடிகாலில் விழுந்தால் என்ன கேடு என்று கேட்பார்கள். ஒரு மரத்தின் இலை ஆற்றில் விழுவதால் கேடில்லை. ஒரு நகரத்தின் இலைகள் அனைத்தும் சிமெண்டுக் கால்வாயில் ஒன்று சேர்ந்து, முதல் மழையில் ஒரே நாளில் ஆற்றுக்குள் தள்ளப்படுவதுதான் கேடு. இலை அழுகும்போது அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சுகின்றன. நம் ஊர் வெப்பத்தில் நல்ல நீரிலேயே ஒரு லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் அளவே ஆக்சிஜன் கரைந்திருக்கும். மீன்கள் வாழ நான்காவது வேண்டும். வேனில் முழுவதும் வடிகாலில் அடைந்து கிடந்த அழுகல் முதல் மழையில் அடித்து வரப்படும்போது, முகத்துவாரத்தில் மீன்கள் செத்து ஒதுங்குவதைக் கரையோர மக்கள் பலமுறை கண்டிருக்கின்றனர். இலையிலும் உரத்திலும் உள்ள பாஸ்பரசும் நைட்ரஜனும் ஆகாயத்தாமரைக்கு விருந்து. அது படர்ந்த ஏரியில் வெயிலும் காற்றும் நீருக்குள் புகுவதில்லை.

நம் நாள்காட்டியும் இதில் உடந்தை. ஆயுத பூசை வருவது செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ. கடைதோறும் வாழைக்கன்று கட்டி, வாசல்தோறும் பூசணிக்காய் உடைக்கிறோம். மறுநாள் அவையெல்லாம் தெருவோரத்தில் கிடக்கின்றன. அடுத்த சில நாள்களிலோ வாரங்களிலோ வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பொழிந்துவிடும். அந்த மழை வடிகாலின் வாயைத் தேடும்போது அங்கே வாழைமட்டை கிடக்கிறது. பெருவெள்ளங்களுக்கு மட்டையே காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. ஏரிகளின் மேல் எழுந்த கட்டடங்களும் மழையின் மிகையும் பெருங்காரணங்கள். ஆனால் உங்கள் தெருவில் நீர் இரண்டு மணி நேரத்தில் வடிவதற்கும் இரண்டு நாள் தேங்குவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு, பல வேளைகளில் அடைபட்ட அந்த ஒரு வாயில்தான் இருக்கிறது. வாரம் மும்முறை டயாலிசிஸுக்கு வர வேண்டியவருக்கு இடுப்பளவு நீர் நின்ற தெரு எத்தகைய அச்சம் தந்தது என்பதை 2015 டிசம்பரை அறிந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தேங்கிய நீரில் எலிச் சிறுநீர் கலந்து எலிக்காய்ச்சல் பரவும். சாக்கடை நீரில் யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவும், தேங்காய்ச் சிரட்டையின் நல்ல நீரில் டெங்குக் கொசுவும் முட்டையிடும். காலில் புண் உள்ள நீரிழிவு நோயாளிகள் அந்த நீரில் இறங்கவே கூடாது.

பூசணிக்காயை வீதியில் உடைக்காமல் வாசலோரம் உடைத்து அப்போதே அள்ளி எடுத்துவிடலாம். வாழைக்கன்றைத் துண்டுகளாக நறுக்கி மக்கும் குப்பையில் கொடுக்கலாம். அருகில் மாடு வளர்ப்போர் இருந்தால் விரும்பி வாங்கிக்கொள்வர். மாசி, பங்குனியில் வேம்பும் புங்கமும் கொட்டும் சருகை எரிப்பது இன்னும் நிற்கவில்லை. அந்தப் புகை அடுத்த வீட்டு ஆஸ்துமா நோயாளியை நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு அனுப்பக்கூடும். எஞ்சும் சாம்பல் மழையோடு வடிகாலுக்கே போகும். சருகுக்கு மிகச் சிறந்த இடம் மரத்தடியே. நான்கு விரற்கடைப் பருமனில் பரப்பிவிட்டால் மண்ணின் ஈரம் காக்கும், களை குறையும், அடுத்த மழைக்குள் பாதி மக்கிவிடும்.

இடம் இருப்போர் உரமாக்கலாம். துளையிட்ட பழைய வாளியிலோ மண் தொட்டியிலோ ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த சருகு என்னும் கணக்கில் அடுக்கி, கைப்பிடி மண்ணோ புளித்த மோரோ தெளித்து, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் கருநிற உரம் கிடைக்கும். துர்நாற்றம் எழுந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள், சருகைக் கூட்டுங்கள். அந்த உரத்தையும் மழை வருமுன் அள்ளி இறைக்காமல், வேரருகே குழி பறித்து மண்ணால் மூடுங்கள். கடையில் வாங்கும் யூரியாவுக்கும் இதே விதிதான்.

இந்த வேலையை யார் செய்வது என்பதில் மட்டும் எச்சரிக்கை தேவை. மக்கும் சருகிலும் தொட்டி மண்ணிலும் பூஞ்சை வித்துகள் நிறைந்திருக்கும். உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள், கீமோதெரபி பெறுபவர்கள், நீண்டகாலமாக ஸ்டீராய்டு உட்கொள்பவர்கள், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் உரத்தொட்டியைக் கிளறலாகாது; அவர்களுடைய படுக்கையறைச் சன்னலுக்கு அருகில் தொட்டியை வைக்கவும் கூடாது. வீட்டில் நலமாக இருப்பவர் கையுறையும் முகக்கவசமும் அணிந்து கிளறி, முடிந்ததும் சோப்பால் கை கழுவ வேண்டும். நோயாளி தோட்டத்தில் இருக்க விரும்பினால், சற்றுத் தள்ளி நாற்காலி போட்டு அமர்ந்து, எந்தச் செடிக்கு எவ்வளவு என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். பெரும்பாலான வீடுகளில் அவருக்குத்தான் அது நன்றாகத் தெரிந்திருக்கும்.